ஆபீஸ் பெட்டியா, குட்டிப் பெட்டியா, டவரா? டர்பன் வீட்டுக்குக் கணினி வாங்குமுன்

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், ஜோஹானஸ்பர்க்கின் லெனேசியா பக்கம் பிள்ளைகள் படிப்புக்கென்று கணினி தேடுபவர்கள் கண்ணில் முதலில் படுவது, அலுவலகங்கள் சில வருடம் குத்தகைக்கு ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்த டெல், எச்பி, லெனோவோ பெட்டிகள். அவற்றில் இரண்டு ஜாதி உண்டு. மேசையில் படுக்கவோ நிற்கவோ வைக்கும் ஒல்லியான எஸ்எஃப்எஃப் (ஸ்மால் ஃபார்ம் ஃபாக்டர்) ஒன்று. தடித்த புத்தகம் அளவே இருக்கும் ஒரு லிட்டர் குட்டிப் பெட்டி இன்னொன்று; இதை டெல் மைக்ரோ என்றும், லெனோவோ டைனி என்றும், எச்பி மினி என்றும் அழைக்கின்றன. மூன்றாவது வழி, உதிரி உதிரியாக வாங்கிக் கட்டும் டவர். மூன்றையும் விலைச் சீட்டை வைத்து ஒப்பிட்டால் எஸ்எஃப்எஃப்தான் ஜெயிக்கும். எது கெட்டால் அதற்கு மாற்று எங்கே கிடைக்கும் என்று பார்த்தால் கதை வேறு.

முதலில் எந்தப் பெட்டியானாலும் பிராசஸர் எண்ணைப் பாருங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்பது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லோடு, இன்டெலில் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையிலிருந்துதான். 7-ஆம் தலைமுறை ஐ5-7500 போட்ட பெட்டி திடீரென்று மலிவாகக் கிடைப்பதன் ரகசியம் இதுவே. 8-ஆம் தலைமுறை ஐ5-8500 சற்றுக் கூடுதல் விலையாக இருந்தாலும் அதையே எடுங்கள்: முந்தையதில் 4 கோர், இதில் 6. மலிவான பெட்டியை வாங்கிப் பிறகு பிராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்ற கணக்கும் பலிக்காது. இரண்டுமே எல்ஜிஏ1151 சாக்கெட்தான், உள்ளே உட்காரவும் செய்யும். ஆனால் 7-ஆம் தலைமுறை போர்டு 8-ஆம் தலைமுறை சில்லை எழுப்பாது. லினக்ஸ் போட்டுத் தமிழ்ப் பள்ளிக்குத் தட்டச்சு செய்ய மட்டும் என்றால், பழைய 7500 தாராளமாகப் போதும்.

இனி மின்சப்ளை. எஸ்எஃப்எஃப் பெட்டி தன் வேலையைக் காட்டும் இடம் இது. கடையில் கிடைக்கும் சாதாரண பவர் சப்ளையின் முக்கியக் கேபிளில் 24 முள் இருக்கும். ஆபீஸ் பெட்டிகளில் அப்படி இல்லை. பல டெல் ஆப்டிபிளெக்ஸ் போர்டுகளில் 8 முள், லெனோவோவில் 10 அல்லது 14, எச்பியில் 6 என்று ஆளுக்கொரு வழக்கம். போர்டுக்கு 12 வோல்ட் மட்டும் போகும். டிஸ்குகளுக்கு வேண்டிய 5 வோல்ட்டைப் போர்டே தயாரித்து, ஒரு சின்ன கேபிள் வழியே அனுப்பும். எனவே சப்ளை எரிந்தால் அதே மாடலுக்கான சப்ளையைத் தேடிப் பிடிக்க வேண்டும், இல்லையேல் மாற்றுக் கேபிள் தேட வேண்டும்; அப்போதும் சாதாரண ஏடிஎக்ஸ் சப்ளை அந்த ஒல்லிப் பெட்டிக்குள் அடங்காது. பல மாடல்களில் சப்ளையின் திறன் 180 முதல் 260 வாட்டுக்குள்தான். கிராஃபிக்ஸ் கார்டுக்கான 6 முள், 8 முள் கேபிள் பெரும்பாலும் இருக்காது. ஸ்லாட்டிலிருந்தே 75 வாட்டுக்குள் மின்சாரம் எடுக்கும் குட்டை கார்டுகள் மட்டுமே பொருந்தும். குட்டையான பிராக்கெட் கார்டோடு வருகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். சில டெல் போர்டுகளில் காற்றாடி முனைகூட 5 முள். சாதாரண 4 முள் காற்றாடி போட்டால் ஒவ்வொரு தடவையும் எச்சரிக்கை காட்டி, எஃப்1 அழுத்து என்று நிற்கும்.

குட்டிப் பெட்டியில் இந்தத் தலைவலியே இல்லை. சப்ளை வெளியே இருக்கிறது. மடிக்கணினி போல 19 அல்லது 20 வோல்ட் அடாப்டர், பெரும்பாலும் 65 அல்லது 90 வாட். எரிந்தால் பத்து நிமிட வேலை. ஒரு விஷயம் மட்டும் கவனம்: டெல், எச்பி அடாப்டர் முனையின் நடுவில் மெல்லிய ஊசி ஒன்று உண்டு. அடாப்டர் இன்னதென்று கணினிக்குச் சொல்வது அதுதான். ஊசி வளைந்தாலோ, போலி அடாப்டரில் அந்தத் தகவல் வராவிட்டாலோ, பெட்டி ஓடும், ஆனால் பிராசஸர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு நத்தை போல. வைரஸ் என்று நினைத்து விண்டோஸை மறுபடி போடுவதற்கு முன்னால் அடாப்டரை மாற்றிப் பாருங்கள்.

முறைவைத்து மின்சாரத்தை நிறுத்தும் லோட் ஷெடிங் பேச்சு வராமல் இந்த நாட்டில் கணினி பேச்சு முடியாது. 2023 போல மோசமான நிலை இப்போது இல்லை. 2024 மார்ச் கடைசியில் நின்றது, 2025 முதல் பாதியில் சில நாட்கள் எட்டிப் பார்த்தது. இருந்தாலும் மின்தடை வேறு காரணங்களாலும் வரும், யூபிஎஸ் பல வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. சின்ன யூபிஎஸ்களில் வழக்கமாக இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி ஒன்று. பெருக்கினால் 84 வாட்-மணி. வேகமாக உறிஞ்சும்போது ஈய பேட்டரி முழுதும் தராது; இன்வெர்ட்டரும் கொஞ்சம் தின்னும். 50 வாட்-மணி கைக்கு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். குட்டிப் பெட்டி லேசான வேலையில் 15 வாட், எல்இடி மானிட்டர் 20 வாட்: ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும். டவரும் மானிட்டரும் சேர்ந்து 120 வாட் என்றால் 20, 25 நிமிடம். விளையாட்டு ஆரம்பித்தால் சேமித்து மூட மட்டுமே நேரம்.

டவரில் இன்னொரு வில்லங்கம். விலை குறைந்த யூபிஎஸ் தருவது உண்மையான சைன் அலை அல்ல, படிக்கட்டு போன்ற போலி அலை. மின்சாரத்தைச் சீராக இழுக்கும் ஆக்டிவ் பிஎஃப்சி சுற்று உள்ள பவர் சப்ளைகள், நல்ல தரமானவை எல்லாமே அப்படித்தான், மின்சாரம் போய் பேட்டரிக்கு மாறும் கணத்தில் சில சமயம் அணைந்துவிடும். யூபிஎஸ்ஸைக் குறை சொல்வார்கள், சப்ளையைக் குறை சொல்வார்கள்; இரண்டும் நன்றாகத்தான் இருக்கும், ஜோடிதான் பொருந்தவில்லை. டவர் வைத்திருப்பவர் ப்யூர் சைன் யூபிஎஸ்ஸுக்குப் பணம் ஒதுக்க வேண்டும்.

ரேம் விஷயத்தில் எஸ்எஃப்எஃப்புக்கும் டவருக்கும் நீளமான டிம், குட்டிக்கு மடிக்கணினியின் சோடிம். டிடிஆர்4 தலைமுறை ரேமில் முன்னதற்கு 288 தொடுமுனை, பின்னதற்கு 260. டிடிஆர்5 டிம்முக்கும் 288-தான், ஆனால் வெட்டுப் பள்ளம் இடம் மாறியிருக்கும். உட்கார மறுத்தால் அமுக்காதீர்கள். தனிக் கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் 16 ஜிபி ஒற்றைக் குச்சியைவிட 8 ஜிபி இரண்டு குச்சி மேல், ஏனெனில் படம் வரையும் வேலையும் அதே ரேமைத்தான் பயன்படுத்துகிறது.

சேமிப்புக்கு எஸ்எஸ்டி என்பதில் இனி விவாதம் வேண்டாம். சாட்டா எஸ்எஸ்டி விநாடிக்கு சுமார் 550 எம்பி, பிசிஐஇ 3.0 வழியில் நாலு லேன் உள்ள என்விஎம்இ சுமார் 3,500 எம்பி. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. பெரிய வீடியோ கோப்புகளை நகர்த்துபவருக்குத் தெரியும். போர்டிலேயே நேரே செருகும் எம்.2 எஸ்எஸ்டி குச்சியில் 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 நீளம். எம்.2 வடிவத்திலேயே சாட்டா வகையும் உண்டு என்பதுதான் பொறி: வழக்கமாக இரண்டு பள்ளம் இருந்தால் சாட்டா, ஒன்று என்றால் என்விஎம்இ. ஸ்லாட் எதை ஏற்கும் என்று மாடல் கையேட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள். பக்கத்திலேயே இருக்கும் குட்டி ஸ்லாட் வைஃபைக்கானது. குத்தகை முடிந்து வந்த குட்டிப் பெட்டிகளில் வழக்கமாகக் காணாமல் போகும் மூன்று: எம்.2 திருகு, 2.5 அங்குல டிஸ்க் மாட்டும் தட்டும் அதன் கேபிளும், வைஃபை கார்டு. காசு கொடுக்குமுன் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒரே ஒரு திருகுதான், ஒரு நிமிடம் ஆகாது.

மானிட்டர் முனையில் தடுமாறாதவர் குறைவு. ஆபீஸ் பெட்டிகளின் முதுகில் டிஸ்ப்ளேபோர்ட் இருக்கும், வீட்டு டிவியில் எச்டிஎம்ஐ. கணினியின் டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து டிவியின் எச்டிஎம்ஐக்கு மலிவான கேபிளே போதும். மறுதிசை ஓடாது: எச்டிஎம்ஐ உள்ள கணினியிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட் மட்டும் உள்ள மானிட்டருக்கு அதே கேபிளைத் திருப்பிப் போட்டால் இருட்டுதான். அதற்கு மின்சாரம் எடுக்கும் ஆக்டிவ் மாற்றி வேண்டும்.

டவரின் லாபம் அதன் பொதுமையில். எந்த உதிரியையும் எந்தக் கடையிலும் வாங்கலாம். ஐந்து வருடம் கழித்துக் கிராஃபிக்ஸ் கார்டு போடலாம். அதற்குக் கொடுக்கும் விலை, கட்டுகிற கையின் தவறுகள். காற்றாடி எல்லாம் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு என்றால், போர்டின் மேல் மூலையில் பிராசஸருக்கான 8 முள் கேபிள் மறந்திருக்கும். அந்த இடத்தில் கிராஃபிக்ஸ் கார்டின் 8 முள் கேபிளைத் திணிக்காதீர்கள்: முனையின் வார்ப்பு வேறு, 12 வோல்ட்டும் எர்த்தும் இடம் மாறியிருக்கும், நேரே ஷார்ட். கழற்றி மாட்டும் மாடுலர் கேபிளை ஒரு கம்பெனி சப்ளையிலிருந்து எடுத்து இன்னொன்றில் போடுவதும் இதே ரகம். சப்ளைப் பக்க முள் வரிசைக்குப் பொது விதி கிடையாது, டிஸ்க் போய்விடும். இன்டெல் எண்ணின் கடைசியில் எஃப் இருந்தால் அதில் உள் கிராஃபிக்ஸ் இல்லை. மானிட்டரைப் போர்டில் சொருகிவிட்டு காத்திருந்து பயனில்லை. டிடிஆர்5 போட்ட புது டவர் முதல் தடவை சில நிமிடம் வெறுமனே நிற்கும், ரேமைப் பழக்கிக்கொள்கிறது. பொறுமையிழந்து பிளக்கைப் பிடுங்கக் கூடாது. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் பிராசஸரில் முள் அடியில் இருப்பதால், கூலரை நேராக இழுத்தால் பசையோடு சில்லும் பிய்ந்து வரும். கொஞ்ச நேரம் கணினியை ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, கூலரை இடமும் வலமும் திருகிவிட்டுத் தூக்குங்கள்.

இடம் மாறினால் எதிரியும் மாறுகிறது. டர்பனில் கடல் உப்பும் ஈரமும். நேற்று ஓடிய பெட்டி இன்று பீப் பீப் என்றால், ரேமை எடுத்துத் தொடுமுனைகளை 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து மறுபடி அழுத்தினால் பல தடவை உயிர் வரும். ரப்பரால் தேய்ப்பது பழக்கம்தான், துகள் ஸ்லாட்டுக்குள் போய்த் தொல்லை. ஜோஹானஸ்பர்க் பக்கம் கோடை மாலை இடி. சர்ஜ் பிளக் சின்ன மின்னழுத்த ஏற்றத்தைத் தின்னும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேயும். பக்கத்தில் விழும் இடிக்கு அது ஈடில்லை. பிளக்கோடு நெட்வொர்க் கேபிளையும் எடுங்கள். ஃபைபர்தானே என்று விட்டுவிட முடியாது. மின்னல் ரவுட்டரின் அடாப்டர் வழியே ஏறி, செம்புக் கேபிளில் போர்டுக்கு வந்துவிடும்.

கடையில் வாங்கிய பொருளுக்கு, பழையதானாலும், 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஆறு மாத உள்ளுறை உத்தரவாதம் தருகிறது. இன்ன குறை உண்டு என்று முன்பே சொல்லி விற்றால் அந்தக் குறைக்கு மட்டும் விலக்கு. தனி ஆளிடம் இணையத்தில் வாங்கினால் அந்தக் காப்பு இல்லை. ரசீதில் மாடலும் சீரியல் எண்ணும் இருக்கட்டும்.

மொத்தத்தில் படிப்பு, வங்கி வேலை, தமிழ்த் தட்டச்சு, வீடியோ அழைப்பு என்றால் 8-ஆம் தலைமுறைக் குட்டிப் பெட்டி. விளையாட்டோ வீடியோ எடிட்டிங்கோ என்றால் டவர், கூடவே ப்யூர் சைன் யூபிஎஸ். எஸ்எஃப்எஃப் அதே மாடல் இரண்டாகக் கிடைத்தால் மட்டும் லாபம். ஒன்றை ஓட்டலாம், மற்றொன்றை உதிரிக்கு வைக்கலாம்.

ஊரிலிருந்து பெட்டியைத் தூக்கி வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் ஏசிக்கும் கீசருக்கும் போடும் 15 ஆம்பியர் பெரிய மூன்று முள் பிளக்தான் இங்கே பழைய வீடுகளில் எல்லாவற்றுக்கும். சின்ன 5 ஆம்பியர் பிளக்கை அதில் திணித்தால் தளர்ந்து பொறி பறக்கும். கேபிளின் கணினிப் பக்கம் உலகெங்கும் ஒன்றே: எஸ்எஃப்எஃப்புக்கும் டவருக்கும் சி13, குட்டியின் அடாப்டருக்குப் பெரும்பாலும் மூன்று வட்டம் சேர்ந்தாற்போன்ற சி5. அந்த முனை உள்ள கேபிளை இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.