கோப்பில் அவள் பெயர் மட்டும்தான் இருந்தது

டொராண்டோவிலிருந்து இந்த முறை ஊருக்குப் போனது குழந்தைக்கான சிகிச்சைக்கு. ஆறு வார விடுப்பு, திருச்சியில் அம்மா வீடு, ஒரு தனியார் மருத்துவமனை. டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் 2015 டிசம்பரிலிருந்து ஒரு ஐ.வி.எஃப் (உடலுக்கு வெளியே கருவை உருவாக்கும் சிகிச்சை) சுழற்சியின் செலவை மாகாண அரசே ஏற்கிறது. ஆனால் ஊசி மருந்துக்கு அந்தப் பணம் கிடையாது, பட்டியலில் காத்திருக்கவும் வேண்டும். மனைவிக்கு 37 வயது. கடந்துபோகும் ஒவ்வொரு மாதமும் அவளுக்குக் கனத்தது. ஊரில் உடனே தொடங்கலாம், தமிழில் பேசிப் புரிந்துகொள்ளலாம் என்று கிளம்பினோம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மருத்துவம் நன்றாகவே நடந்தது. காலை ஏழு மணிக்கு ஸ்கேன் என்றால் ஏழு மணிக்கு ஸ்கேன். ரத்தப் பரிசோதனை முடிவு மதியத்துக்குள் வந்துவிடும், அதைப் பார்த்து மாலையில் மருந்தின் அளவை மாற்றிச் சொல்வார்கள். கனடாவில் எடுத்த பழைய ரிப்போர்ட்டுகளை மருத்துவர் ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். பதிவுச் சான்றிதழ் வரவேற்பறையிலேயே மாட்டியிருந்தது. போகிறவர்கள் அதை முதலில் பாருங்கள். 2021-ல் இயற்றப்பட்டு 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கும் இந்தியாவின் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி, பதிவு இல்லாத இடத்தில் இந்தச் சிகிச்சை நடக்கவே கூடாது.

எனக்கு உறுத்தியது வேறு. முதல் நாளே கோப்பு மனைவி பெயரில் திறக்கப்பட்டது. தொலைபேசி எண் அவளுடையது. அழைப்பதும் அவள் பெயரைத்தான். இரண்டாம் நாள் நான் எழுந்து பின்னாலேயே போனபோது, “ஹஸ்பண்ட் வெளியே வெயிட் பண்ணுங்க சார்” என்றார் சிஸ்டர். அங்கே அதுதான் வழக்கம் போல. வராந்தாவில் ஏழெட்டு ஆண்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். யாரும் யாரிடமும் பேசவில்லை.

இத்தனைக்கும் குறை இருந்தது என்னிடம். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டின்படி, விந்தணு எண்ணிக்கையின் கீழ் வரம்பு ஒரு மில்லிலிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம். எனக்கு 40 லட்சம். அதனால்தான் இக்சி செய்யலாம் என்றார்கள். ஒவ்வொரு கருமுட்டைக்குள்ளும் ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் செலுத்துவது. 1992-லேயே இந்த முறையில் குழந்தை பிறந்துவிட்டது, புதிய விஷயம் இல்லை. ஆனால் குறை கணவனிடம் இருந்தாலும் ஊசி மனைவிக்குத்தான். கருமுட்டைகள் வளர வயிற்றில் தினமும் ஊசி, ஒன்றுவிட்டு ஒருநாள் ஸ்கேன், கடைசியில் மயக்க மருந்து கொடுத்து முட்டைகளை எடுப்பது. என் பங்கு ஒரு சிறிய அறையில் பத்து நிமிடம். இந்த அநியாயத்தை மருத்துவத்தால் இன்னும் சரிசெய்ய முடியவில்லை. வீட்டிலாவது நான் சரிசெய்திருக்க வேண்டும், செய்யவில்லை.

நான்கு வருடமாக என் ரிப்போர்ட் வீட்டில் யாருக்கும் தெரியாது. அம்மா போன் பண்ணும்போதெல்லாம் “ஏதாவது விசேஷம் உண்டா” என்று கேட்பது அவளிடம்தான். உடம்பைக் குறைத்துக்கொள், வேலையில் அலையாதே, இந்த மாத்திரை சாப்பிட்டுப் பார் என்று அறிவுரை எல்லாமே அவளுக்கு. அவள் ஒரு தடவைகூட என்னைக் காட்டிக்கொடுத்ததில்லை. நானும் வாயைத் திறந்ததில்லை. எங்களுக்குள் சண்டை வந்ததெல்லாம் அற்பக் காரணங்களுக்கு. யார் விளக்கை அணைக்கவில்லை, யார் பில் கட்டவில்லை. உண்மையான காரணத்தைத் தொடாமலே சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

படுக்கையறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். யாரும் இதைச் சொல்வதில்லை, அதனாலேயே ஒவ்வொரு தம்பதியும் தங்களுக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொள்கிறார்கள். இந்த நாள் சேருங்கள், அந்த நாள் வேண்டாம், பரிசோதனைக்கு முன்னால் இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விடுங்கள் என்று நாட்காட்டி பார்த்து நடக்கத் தொடங்கினால், ஒரு கட்டத்தில் தொடுவதே பரீட்சை மாதிரி ஆகிவிடும். பலன் இல்லாத நாளில் ஒருவரை ஒருவர் தொடுவதை நாங்கள் எப்போது நிறுத்தினோம் என்று இருவருக்குமே தெரியவில்லை.

ஊசி தொடங்கி நான்காவது நாள் அவள் மருத்துவமனைக் கழிவறையில் அழுதுவிட்டு வந்தாள். அப்போதுதான் எனக்குச் சட்டம் நினைவுக்கு வந்தது. விமானத்தில் படித்திருந்தேன். சிகிச்சையின் பலன், பக்கவிளைவு, செலவு, வெற்றிவாய்ப்பு எல்லாவற்றையும் பற்றித் தம்பதிக்கு முறையான ஆலோசனை தர வேண்டியது மருத்துவமனையின் கடமை என்று அந்த 2021 சட்டம் சொல்கிறது. எங்களுக்கு நடந்த ஆலோசனை, கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் புள்ளி வைத்த ஒரு படிவம். வரவேற்பில் போய் ஆலோசகரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். “ஏதாவது பிரச்சினையா சார்?” என்று கேட்டார்கள். இரண்டு நாள் விடாமல் கேட்ட பிறகு நேரம் கிடைத்தது. வாரத்தில் ஒருநாள் மட்டும் வருகிற பெண்மணி அவர்.

இந்தப் பயணத்தில் எங்களுக்குக் கிடைத்த சேவையிலேயே மிகச் சிறந்தது அந்த ஐம்பது நிமிடம்தான். கரு, ஹார்மோன் பற்றி அவர் எதுவும் பேசவில்லை. முதல் கேள்வியே, “இந்த ரிப்போர்ட் வீட்டில் யாருக்குத் தெரியும்?” என்பதுதான். நான் தரையைப் பார்த்தேன். மனைவி ஜன்னலைப் பார்த்தாள். அவர் அவசரப்படாமல் காத்திருந்தார். அப்புறம் அவள் சொன்னாள்: “ஊசி வலிக்கலைங்க. தனியா வாங்கிக்கிறதுதான் வலிக்குது.” நான்கு வருடத்தில் அவள் எனக்குச் சொல்லாததை, அறிமுகம் இல்லாத ஒருவரிடம் சொன்னாள்.

இரண்டு வேலை கொடுத்தார். சிகிச்சையைப் பற்றி ஒரு நாளைக்கு இருபது நிமிடம் மட்டும் பேச வேண்டும், மற்ற நேரத்தில் அந்தப் பேச்சே கூடாது. மாலையில் ஊசியை நான் போட வேண்டும். முதலாவது சுலபமாகத் தோன்றும், செய்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். மீதி நேரத்தில் பேசுவதற்கு எங்களிடம் வேறு எதுவுமே இல்லாமல் போயிருந்தது. மூன்றாம் நாள்தான் சும்மா பேசிக்கொண்டே நடந்துவிட்டு வந்தோம்.

ஊசி போடக் கற்றுக்கொடுக்கச் சொன்னதும் அதே சிஸ்டர் தயங்காமல் உள்ளே கூப்பிட்டார். பத்து நிமிடத்தில் பழகிவிட்டது. கடைசி ஊசி மட்டும் நேரம் தவறவே கூடாது, அதைக் கணக்கு வைத்துத்தான் 36 மணி நேரத்தில் முட்டை எடுப்பார்கள். இரவு பத்தரைக்குப் போட்டோம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “மெதுவா” என்றாள்.

அந்த வாரமே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். “குறை எங்கிட்டதான்மா. அவகிட்ட இல்லை.” அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மனைவி படுத்திருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. அன்றிலிருந்து அம்மா அந்தக் கேள்வியைக் கேட்பதை நிறுத்திவிட்டார்.

ஒன்பது முட்டைகள் கிடைத்தன, ஆறு கருவுற்றன, ஐந்தாம் நாளில் நல்லதாக மூன்று கருக்கள். ஒன்றைக் கருப்பையில் வைத்தார்கள், இரண்டை உறைய வைத்தார்கள். அதற்குப் பிறகு ரத்தப் பரிசோதனைவரை கிட்டத்தட்ட இரண்டு வாரம். ஊசியும் இல்லை, ஸ்கேனும் இல்லை, யாரும் கூப்பிடவும் மாட்டார்கள். தம்பதிகள் உடைந்துபோவது அந்த இரண்டு வாரத்தில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. மருத்துவமனைகள் ஆலோசகரை அந்த நாட்களில் ஒருமுறையாவது பேச வைக்கலாம்.

கோப்பில் என் எண்ணையும் சேர்க்கச் சொல்லியிருந்தோம். முடிவு வரும் நாளில் வீட்டில் உறவினர்கள் இருந்ததால், இருவரும் காரில் போய் உட்கார்ந்துகொண்டோம். அழைப்பு எனக்கு வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன். இந்த முறை இல்லை என்றார்கள். வெகுநேரம் கழித்துத்தான் வீட்டுக்குள் போனோம்.

உறைய வைத்த கருக்களைப் பத்து வருடம்வரை வைத்திருக்கச் சட்டம் இடம் தருகிறது. படிவத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தோம். அடுத்த பயணம் எப்போது என்று ஆகஸ்ட் முதல் வாரம்வரை பேசுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். நாட்காட்டியில் அந்தத் தேதியை அவள்தான் வட்டமிட்டாள்.