சிம்மக்கல் அருகே ஓர் அச்சகம்: 32 பக்கச் சிறுநூலும் மெய்ப்புப் பார்த்த பெரியவரும்

இதழியல் படிக்கும் என் மாணவியருக்காக, அபிகே டாபிரி-எரேவா என்னும் நைஜீரிய அரசியல் தலைவரைப் பற்றி எழுதிய சிறுநூலைச் சென்ற மாதம் மதுரை சிம்மக்கல் அருகே ஒரு சந்துக்குள் இருக்கும் அச்சகத்தில் கொடுத்து அச்சிட்டேன். டெம்மி அளவில் 32 பக்கம், 200 பிரதிகள், பிரதிக்கு 38 ரூபாய். தமிழில் நூல் போட நினைப்பவர்களுக்கு இந்த இடத்தை நான் தயங்காமல் சொல்வேன். அங்கே மெய்ப்பு, அதாவது அச்சுக்கு முந்திய திருத்தப்படி, பார்க்கும் பெரியவர்தான் அதற்குக் காரணம்.

கணினியில் பக்கம் அமைத்துத் தரும் பெரும்பாலான டி.டி.பி. கடைகளில் நாம் கொடுத்ததை அப்படியே அடித்துத் தருவார்கள். பிழை நம்முடையது என்றால் பிழையோடு வரும். இவர் படிக்கிறார். முதல் மெய்ப்பில் இரண்டாம் பக்கத்தின் ‘நைஜீரியா’வையும் நான்காம் பக்கத்தின் ‘நைஜர்’ என்பதையும் சிவப்பு மையால் வட்டமிட்டு, “டீச்சர், ரெண்டும் ஒரே நாடுதானா?” என்று கேட்டார். இரண்டும் பக்கத்துப் பக்கத்து நாடுகள். தவறு நான் கொடுத்த படியிலேயே இருந்தது. யூனிகோடிலிருந்து அவர்களுடைய எழுத்துருவுக்கு மாற்றியபோது ஆய்த எழுத்து உதிர்ந்து, ‘இஃபே’ என்பது பல இடங்களில் ‘இபே’ என்று ஆகியிருந்ததையும், மூலப்படியை அருகில் வைத்துக்கொண்டு வரி வரியாக ஒப்பிட்டு அவரே கண்டுபிடித்தார். அபிகே ஆங்கிலம் படித்த பல்கலைக்கழகத்தை ஓரிடத்தில் இஃபே என்றும் இன்னோரிடத்தில் ஒபாஃபெமி அவோலோவோ என்றும் எழுதியிருந்தேன். அவர் கேட்ட பிறகுதான், இரண்டும் ஒன்றே, 1987-இல் பெயர் மாறியது என்று ஒரு வரி சேர்த்தேன்.

அவர் கேட்டவற்றுள் எனக்கு மிகவும் பயன்பட்டது, “இந்த அம்மா எம்.பி.யா, எம்.எல்.ஏ.வா?” என்ற கேள்வி. 1962-இல் ஜோஸ் நகரில் பிறந்த அபிகே, நைஜீரிய அரசுத் தொலைக்காட்சியின் ‘நியூஸ்லைன்’ நிகழ்ச்சியில் 15 ஆண்டுகள் பணியாற்றியவர். வறுமையையும் பெண்களின் நிலையையும் பற்றிய செய்திகளில் தனி அக்கறை காட்டியவர். 2003-இல் லாகோஸ் மாநிலத்தின் இகொரொடு தொகுதியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு, 2015 வரை மூன்று முறை உறுப்பினராக இருந்தார். அந்த அவையை நான் கவனக்குறைவாக ஒரு பக்கத்தில் சட்டமன்றம் என்று எழுதியிருந்தேன். அங்கே 36 மாநிலங்களுக்கும் தனித்தனிச் சட்டமன்றங்கள் உண்டு; இவர் இருந்ததோ தலைநகர் அபுஜாவில் 360 உறுப்பினர்களோடு கூடும் பிரதிநிதிகள் அவை, அதாவது நம் மக்களவையைப் போன்றது. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் கையில் அந்தப் பிழை போயிருந்தால் என் மனம் ஆறியிருக்காது.

நைஜீரியாவின் தகவல் உரிமைச் சட்டம் பற்றிய பக்கத்தைத்தான் நான் உயிரைக் கொடுத்து எழுதினேன். செய்தியாளராக இருந்து அவைக்குப் போன அபிகே, அந்தச் சட்டத்துக்காக அவையில் பாடுபட்டவர்களில் ஒருவர். 2007-இல் அதிபர் ஒபசாஞ்சோ கையெழுத்திட மறுத்த சட்டம், 2011 மே மாதத்தில்தான் அதிபர் குட்லக் ஜோனத்தனின் ஒப்புதலைப் பெற்றது. நமக்கு 2005-இலேயே கிடைத்துவிட்டது என்ற வரியை அடுத்த பத்திக்குத் தள்ளியிருந்தேன். இரண்டு ஆண்டுகளும் ஒரே கண்ணில் படும்படி சேர்த்துவைக்கலாமே என்று சொன்னவரும் இந்தப் பெரியவர்தான்.

கடைசிப் பக்கங்களைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். 2018-இல் வெளிநாடுவாழ் நைஜீரியர்களுக்கான ஆணையத்தின் தலைவராக அபிகே நியமிக்கப்பட்ட செய்தி அங்கே வருகிறது. பெரியவருடைய மகன் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறாராம். அயல்நாட்டில் ஒருவருக்கு ஆபத்து என்றால் அந்த ஆணையம் என்ன செய்யும் என்று விவரமாகக் கேட்டார். ‘டயஸ்போரா’ என்று நான் விட்டிருந்த சொல்லை ‘வெளிநாடு வாழ்வோர்’ என்று மாற்றினால் வீட்டில் இருப்பவர்களுக்கும் புரியும் என்றார். மாற்றினேன்.

குறைகளும் உண்டு. ஜோஸ், லாகோஸ், இகொரொடு, அபுஜா நான்கையும் குறித்துக் கொடுத்த வரைபடம், மேப்லித்தோ என்னும் சாதாரண அச்சுத் தாளில் கறுத்துப்போய், லாகோஸ் புள்ளியும் இகொரொடு புள்ளியும் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. பைண்டிங்கில் 12 பிரதிகளுக்கு நடுப் பாரம் (ஒன்றாக மடித்த பக்கங்களின் தொகுப்பு) தலைகீழாகப் பின் அடிக்கப்பட்டிருந்தது. காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தார்கள் என்றாலும் அதற்கு நான்கு நாள் ஆனது. திருநகரிலிருந்து இரண்டு முறை பேருந்து ஏறி வந்தேன். படங்கள் நிறைந்த நூல் என்றால் வேறு இடம் பார்ப்பது நல்லது.

பெரியவர் பிற்பகல் 3 மணிக்கு மேல்தான் வருகிறார், ஞாயிறு விடுமுறை. மெய்ப்பை அவரிடமே கொடுக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அடுத்த பதிப்புக்கு வரைபடத்தை மட்டும் வழவழப்பான ஆர்ட் தாளில் தனியாக அடித்துச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். பிரதிக்கு 4 ரூபாய் கூடும் என்றார்கள், சரி என்றேன்.