வாஷிங்டன் ஒப்பந்தமா, 8-8 கப்பற்படையா: 1921இல் ஜப்பானுக்கு எது லாபம்?

பெரும் போர்க்கப்பல்களுக்கு வரம்பு கட்ட 1921 நவம்பரில் கூடிய வாஷிங்டன் மாநாடு கைகூடாமல் கலைந்திருந்தால் பசிபிக் என்ன ஆகியிருக்கும்? மாற்று வரலாறு எழுதுகிறவர்களும் கடற்போர்ப் பலகையாட்டம் ஆடுகிறவர்களும் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் முச்சந்தி இது. ஜப்பான் தரப்பில் உட்காருகிறவருக்கு அங்கே இரண்டு வழிதான். ஒன்று, போர்க்கப்பல் பலம் அமெரிக்கா 5, பிரிட்டன் 5, ஜப்பான் 3 என்ற விகிதத்துக்குக் கையெழுத்துப் போடுவது. மற்றது, எழுந்து ஊருக்கு வந்து, எட்டு பெரும் போர்க்கப்பலும் எட்டு பேட்டில் குரூஸரும் (கவசம் குறைத்து வேகம் கூட்டிய பெரும் போர்க்கப்பல்) கொண்ட ‘8-8’ படையைக் கட்டி முடிப்பது. உண்மையில் கடற்படை அமைச்சர் கட்டோ தொமொசபுரோ முதல் வழியில் போனார். அவரோடு வந்திருந்த கட்டோ கான்ஜி, அமெரிக்காவின் பத்துக்கு ஜப்பானுக்கு ஏழுக்குக் குறையவே கூடாது என்று மல்லுக்கு நின்றார். நான் தொமொசபுரோ கட்சி. அதற்கு முக்கியக் காரணம் விகிதம் அல்ல, டிரை டாக்: கப்பலை உள்ளே விட்டு, நீரை இறைத்து, அடிப்பகுதியைப் பழுதுபார்க்கும் தொட்டி.

பணக் கணக்கு எல்லாரும் அறிந்ததுதான். 1921இல் ஜப்பானின் பட்ஜெட்டில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கைக் கடற்படையே விழுங்கியது. பணம் இல்லாமல் போர் இல்லை, கடன் கொடுக்க வசதியுள்ள ஒரே நாடு அமெரிக்கா, அந்த நாட்டோடேயே போர் என்றால் யாரிடம் போய்க் கடன் கேட்பது என்பதுதான் தொமொசபுரோவின் வாதம். அதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றும் இல்லை.

அதற்காக 8-8ஐ வெறும் கனவு என்று தள்ளிவிட முடியாது. 41 செ.மீ. பீரங்கியோடு வந்த முதல் போர்க்கப்பலான நகாதோ 1920 நவம்பரிலேயே படையில் சேர்ந்துவிட்டது. 1921 முடிவதற்குள் காகா, தோசா என்ற போர்க்கப்பல்கள் இரண்டின் உடற்பகுதியும் தண்ணீரில் மிதந்தன. பேட்டில் குரூஸர்களான அமாகியும் அகாகியும் கட்டுதளத்தில் வளர்ந்துகொண்டிருந்தன. எதிரில் அமெரிக்கா 43,200 டன்னில் ஆறு சவுத் டகோட்டா வகைக் கப்பல்களையும் ஆறு லெக்சிங்டன் வகை பேட்டில் குரூஸர்களையும் கட்டிக்கொண்டிருந்தது. ஆனால் அங்கே முதல் உலகப் போருக்குப் பிறகு செலவு செய்ய மனமில்லை. கப்பல் கட்டுவதை மூன்று நாடுகளும் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று செனட்டர் போரா 1920 டிசம்பரிலேயே தீர்மானம் கொண்டுவந்தார். ஆக, ஜப்பான் மறுத்திருந்தால் அமெரிக்கா முழுமூச்சாக இறங்கியிருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. 8-8 கட்சிக்காரர்களிடம் உள்ள வலுவான வாதம் இதுதான்.

இனி பராமரிப்புக்கு வருவோம். 8-8இல் இருக்கும் இரண்டு எட்டும் கப்பலின் எண்ணிக்கை. அதற்குள்ளேயே இன்னோர் எட்டு ஒளிந்திருக்கிறது: எட்டு வயது தாண்டிய கப்பல் முன்வரிசையில் இருக்கக் கூடாது. பதினாறு கப்பலை எட்டால் வகுத்தால், ஆண்டுக்கு இரண்டு புதிய கப்பல், நிறுத்தமே இல்லாமல். திட்டமிட்டபடி எல்லாம் முடிந்திருந்தால் பீரங்கிக் குழாய்கள் மட்டும் 148. நகாதோ வகை இரண்டில் 16, காகா வகை இரண்டில் 20, கீ வகை நான்கில் 40, அமாகி வகை நான்கில் 40, கடைசி நான்கில் 46 செ.மீ. அளவில் 32. ஒவ்வொரு குழாயும் சில நூறு குண்டுகளில் உள்தேய்ந்து மாற்ற வேண்டியதாகிவிடும். அடுத்து எரிபொருள். நகாதோ ஒரு தடவை நிரப்ப 3,400 டன் எண்ணெயும் 1,600 டன் நிலக்கரியும் குடிக்கும். அதே அளவுகோலில் பதினாறுக்கும் 54,000 டன்னுக்கு மேல் எண்ணெய். 8,000 டன் சுமக்கும் எண்ணெய்க் கப்பல் ஏழு வேண்டும், அதுவும் ஒரே ஒரு தடவை நிரப்ப.

இவற்றையெல்லாம் காசு கொட்டிச் சமாளிக்கலாம். டாக் விஷயத்தில் காசோடு வருடங்களும் வேண்டும். கடலில் நிற்கும் கப்பலின் அடிப்பகுதியில் பாசியும் கொட்டலசும் ஒட்டும். டாக்கை விட்டு வந்த நாளிலிருந்து உராய்வுத் தடை குளிர்ந்த கடலில் நாளுக்குக் கால் சதவீதமும் வெப்பக் கடலில் அரை சதவீதமும் கூடும் என்பது பிரிட்டிஷ் கடற்படை வைத்திருந்த கணக்கு. வெப்பக் கடலில் ஆறு மாதம் என்றால் உராய்வு மட்டும் 90 சதவீதம் ஏறிவிடும். வேகம் இறங்கும், எண்ணெய் எகிறும். சண்டையில் டார்பிடோ பட்ட கப்பலுக்கு டாக் இல்லையென்றால் கதையே முடிந்தது.

இப்போது பசிபிக் வரைபடத்தை விரியுங்கள். ஹவாயின் பேர்ல் ஹார்பரிலிருந்து மணிலா ஏறக்குறைய 5,000 கடல் மைல். அந்த முனையில் அமெரிக்காவிடம் இருந்தது, 1906இல் அட்லாண்டிக்கிலிருந்து சூயஸ் வழியாக இழுத்துவந்து பிலிப்பைன்ஸின் ஒலோங்கப்போவில் நிறுத்திய டூயி மிதவை டாக். அதன் நீளம் 500 அடி, சவுத் டகோட்டாவின் நீளம் 684 அடி. அதாவது அமெரிக்காவின் புதிய கப்பல் ஒவ்வொன்றும் அடி சுரண்டக்கூட ஹவாய்க்குத்தான் திரும்ப வேண்டும். ஐந்து என்று தாளில் இருக்கும் பலம் பிலிப்பைன்ஸ் கடலுக்கு வந்து சேரும்போது ஐந்தாக இருக்காது.

ஒப்பந்தத்தின் 19ஆம் பிரிவு இந்த நிலையை அப்படியே உறைய வைத்தது. அமெரிக்கா வசமிருந்த பிலிப்பைன்ஸிலும் குவாம் தீவிலும் புதிய அரண் கூடாது, தளம் கூடாது, பழுதுபார்க்கும் வசதியையும் பெருக்கக் கூடாது. ஹவாய்க்கு விலக்கு. பிரிட்டனுக்கு 110 பாகை கிழக்கு தீர்க்கரேகைக்கு அப்பால் உள்ள இடங்களில் மட்டும் தடை, அதனால் ஹாங்காங் கட்டுண்டது, சிங்கப்பூர் தப்பியது. ஜப்பானும் தன் வெளித்தீவுகளில் கைகட்டி நிற்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அதன் பெரிய டாக்குகள் எல்லாம் சொந்த மண்ணில், யோக்கோசுக்காவிலும் கூரேயிலும் இருந்தன. மூன்றுக்கும் மூன்றரைக்கும் நடுவே கான்ஜி போட்ட சண்டையை விட இந்த ஒரு பிரிவு பல மடங்கு பெறும். கையெழுத்துக்கு ஈடாகத் தொமொசபுரோ கேட்டு வாங்கியதும் இதைத்தான்.

கான்ஜி தரப்பின் பிடிவாதம் எவ்வளவு விலை வைத்தது என்பதற்கு முட்சு கப்பலே சாட்சி. பள்ளிப் பிள்ளைகளின் நன்கொடையும் சேர்ந்து கட்டிய கப்பல் என்பதால், ஒப்பந்தப் பேச்சில் அதை உடைக்கச் சொன்னபோது ஜப்பான் சம்மதிக்கவில்லை. அந்த ஒன்றைக் காப்பாற்றியதற்குப் பதிலாக அமெரிக்கா கொலராடோ, வெஸ்ட் வர்ஜீனியா இரண்டையும் முடித்துக்கொண்டது. பிரிட்டன் நெல்சன், ராட்னி இரண்டையும் புதிதாகக் கட்டியது. ஒன்றுக்கு நான்கு.

ஒப்பந்தத்தால் கைவிட்ட கப்பல்களும் வீணாகவில்லை. தோசாவை இலக்காக வைத்து 1924இல் சோதனை செய்தபோது, கப்பலுக்குச் சற்று முன்னாலேயே நீரில் விழுந்த 41 செ.மீ. குண்டு ஒன்று தண்ணீருக்கடியிலேயே ஓடி, கவசத்துக்குக் கீழே துளைத்து உள்ளே புகுந்தது. நீருக்கடியில் ஓடித் தாக்கும்படி செய்த 91ஆம் வகைக் குண்டு அந்த ஓட்டையில் பிறந்தது. விமானந்தாங்கியாக மாற்ற வைத்திருந்த அமாகி, 1923 செப்டம்பர் 1 நிலநடுக்கத்தில் கட்டுதளத்திலேயே நெளிந்துபோனது. அதன் இடத்துக்குக் காகா வந்தது. ஒப்பந்தம் இல்லாத உலகத்தில் அகாகியும் காகாவும் விமானந்தாங்கிகளாக மாறாமல் பீரங்கிக் கப்பல்களாகவே இருந்திருக்கும். அமெரிக்காவின் லெக்சிங்டன், சரட்டோகா கதையும் அதேதான்.

என் வாதத்தில் ஒரு பலவீனம் இருக்கிறது. ஒப்பந்தம் காலாவதியான பிறகும், 1939இல், குவாம் துறைமுகத்தை ஆழப்படுத்தக் கேட்ட 50 லட்சம் டாலரை அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை வெட்டிவிட்டது. 19ஆம் பிரிவே இல்லாவிட்டாலும் 1920களில் அவர்கள் கையை விரித்திருக்கலாம். அப்படி நடந்திருந்தால் ஜப்பான் இலவசமாகக் கிடைக்க இருந்த ஒன்றுக்கு விலை கொடுத்தது என்றாகிறது. இருந்தாலும், எதிராளியின் கஞ்சத்தனத்தை நம்பிப் பதினாறு கப்பல் கட்ட நான் துணிய மாட்டேன்.

யாராவது 8-8ஐத்தான் எடுப்பேன் என்றால், அமெரிக்கத் தரப்புக்கு இந்தக் கால அட்டவணையைக் கொடுங்கள். குவாமின் அப்ரா துறைமுகத்தில் முதலில் அலைத்தடுப்புச் சுவர், பிறகு பவளப்பாறையை வெட்டி ஆழப்படுத்துவது, அதன்பின் டாக். பேர்ல் ஹார்பரில் 1909இல் தொடங்கிய முதல் டாக், 1913இல் உள்நீரை இறைத்தபோது அடிநீரின் அழுத்தம் தாங்காமல் இடிந்தது. திறந்தது 1919இல். அதே பத்தாண்டு கணக்கை வைத்து 1923இல் வேலையைத் தொடங்கினால் குவாம் டாக் 1933இல் தயார். ஒப்பந்தத்தில் இருந்திருந்தால் 1936 டிசம்பர் 31 வரை அங்கே ஒரு தூர்வாரியைக்கூட இறக்க முடியாது.