அமுக்கரா (அஸ்வகந்தா) எக்ஸ்ட்ராக்ட் மொத்தமா வாங்குறவங்க கவனிங்க: ₹1,47,500 போச்சு

மூணு டிரம், ஒவ்வொண்ணும் 25 கிலோ. பில்லில் 'அமுக்கரா வேர் எக்ஸ்ட்ராக்ட், விதனோலைடு 5 சதவீதம்'. விதனோலைடுதான் இதில் இருக்கிற மருந்துச் சத்து. உள்ளே இருக்கிறது இலையும் மால்டோடெக்ஸ்ட்ரின்ங்கிற மாவுச்சத்துப் பொடியும். வரி, லாரி வாடகை எல்லாம் சேர்த்து ₹1,47,500. லேப் ரிப்போர்ட் வந்த பிறகுதான் தெரிஞ்சது. 500 மில்லிகிராம் காப்ஸ்யூல் ஒன்றரை லட்சம் போட வேண்டிய சரக்கு மூலையில் கிடக்கு.

வித்தவர் வடநாட்டு சப்ளையர். பிடிச்சது, மொத்த வியாபாரிகளையும் வாங்குறவங்களையும் கோத்துவிடுற ஒரு ஆன்லைன் தளத்தில். பேர் போட வேண்டாம்னு வக்கீல் சொல்லிட்டார், அதனால போடலை.

இந்தச் சரக்கில் ஏன் இவ்வளவு தில்லுமுல்லு? வெளிநாட்டில் அஸ்வகந்தா காப்ஸ்யூலுக்கு அப்படி ஒரு கிராக்கி. வேர் அஞ்சாறு மாசப் பயிர். பிடுங்கி, கழுவி, காயவெச்சு மத்தியப் பிரதேசத்து நீமுச் மண்டிக்கு வந்து சேரணும். இலை வயலிலேயே கிடக்கும், அள்ளிக்கிட்டா காசே இல்லை. இலையிலும் விதனோலைடு இருக்கிறதால பேப்பரில் நம்பர் காட்டிடலாம். ஆனா அதில் விதஃபெரின் ஏ எக்கச்சக்கம், அதுவும் ஒரு விதனோலைடுதான், ஆனா நச்சுத்தன்மை உள்ளது. இலையைச் சேர்க்காதீங்கன்னு ஆயுஷ் அமைச்சகம் 2021லேயே உற்பத்தியாளர்களுக்குச் சொல்லியாச்சு. 2023ல் டென்மார்க் அஸ்வகந்தாவையே தடை பண்ணிடுச்சு. இந்த நிலைமையில் இலை கலந்த சரக்கை ஏத்துமதிக்கு அனுப்பினா என்ன ஆகும்னு சொல்லணுமா?

நம்பினது எங்கேன்னா, சாம்பிளில். 100 கிராம் வந்தது, இங்கேயே எச்பிஎல்சி (சத்துகளைத் தனித்தனியாப் பிரிச்சு அளக்கிற லேப் சோதனை) பண்ணினதில் 5.1 சதவீதம். அவங்க அனுப்பின சிஓஏவில் (லேப் தரச் சான்றிதழ்) லேப் லெட்டர்ஹெட், க்யூஆர் கோடு எல்லாம் கச்சிதம். வீடியோ காலில் கோடவுனைக் காட்டி, டிரம் மூடியைத் திறந்து, கரண்டியால் அள்ளியே காட்டினாங்க. "உங்க லாட்டுதான் சார், தனியா எடுத்து வெச்சிருக்கோம்." பணம் தளத்தின் கையில்தான் இருக்கும், டெலிவரி ஆனாத்தான் அவங்களுக்குப் போகும்னு உறுதி வேற. மாதவரம் லாரி ஆபீஸில் டிரம்மை இறக்கினதும் ஓடிபி கேட்டாங்க, சொல்லியாச்சு. அந்த ஆறு நம்பர்தான் ₹1,47,500. ஓடிபி சொல்லிட்டா சரக்கு தரமா இருக்குன்னு ஏத்துக்கிட்டதா அர்த்தமாம். விதிமுறையில் எங்கேயோ ஒரு மூலையில் பொடி எழுத்தில் இருக்கு.

டிரம்மில் ஒட்டின லேபிள் ஓரம் லேசாத் தூக்கியிருந்தது. நகத்தால் உரிச்சா அடியில் இன்னொரு பேட்ச் நம்பர், வேற தயாரிப்பு மாசம். பொடியை நாக்கில் வெச்சா முதலில் இனிப்பு, பிறகுதான் கசப்பு. அமுக்கராவுக்கே உரிய அந்தக் குதிரை வாடை துளிகூட இல்லை. வெள்ளைக் காகிதத்தில் ஒரு சிட்டிகை வெச்சு ஸ்பிரிட் ரெண்டு சொட்டு விட்டதும் பச்சையா ஒரு வளையம் பரவுது. (பச்சையத்தை நீக்கின இலைச் சரக்கா இருந்தா இந்தச் சோதனையும் ஏமாத்தும், இதை மட்டும் நம்பாதீங்க.) லேப் சொன்னது: விதனோலைடு மொத்தம் 1.6 சதவீதம், அதில் பெரும்பங்கு விதஃபெரின் ஏ.

அதுக்கப்புறம் ஆரம்பிச்சது பாருங்க அலைக்கழிப்பு. "மழைக்காலம் சார், ஈரம் ஏறியிருக்கும்." ஈரம் ஏறினா வேர் இலையாகுமா? "லேப் மாறினா ரிசல்ட் மாறும்." "கிரெடிட் நோட் தர்றோம், அடுத்த ஆர்டரில் கழிச்சுக்கலாம்." அடுத்த ஆர்டராம்! மூணாவது நாளிலிருந்து போனை எடுக்கிறதில்லை. தளத்தில் கேட்டா, புகார் கொடுக்க டெலிவரியிலிருந்து 48 மணி நேரம்தான், அது முடிஞ்சிடுச்சு, நாங்க வெறும் இடைத்தரகர்னு ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப ஒட்டுறாங்க. எச்பிஎல்சி ரிசல்ட் வர ஒரு வாரம் ஆகுதே, 48 மணி நேரத்தில் எதை வெச்சுப் புகார் கொடுக்கிறது? ஸ்டேஷனில் "சிவில் மேட்டர்"னு அனுப்பிட்டாங்க. வியாபாரத்துக்கு வாங்கினதால நுகர்வோர் கோர்ட்டும் கிடையாது. ₹1,47,500க்கு சிவில் கேஸ் போட்டு எத்தனை வருஷம் நடக்கிறது?

விலையைப் பார்த்தே உஷாராகியிருக்கணும். வேரில் விதனோலைடு அரை சதவீதம் தேறினாலே பெரிசு. அப்போ 5 சதவீத எக்ஸ்ட்ராக்ட் ஒரு கிலோவுக்கு வேர் மட்டும் குறைஞ்சது 10 கிலோ. கிலோ 300 ரூபாய்னு போட்டாலே 3,000 ஆச்சு, சால்வென்ட், கரன்ட், கூலி தனி. அவங்க கேட்ட விலை கிலோ 1,650. ராசப்பச் செட்டித் தெருவில் எந்த நாட்டு மருந்துக் கடைக்காரர்கிட்ட கேட்டிருந்தாலும் சிரிச்சே அனுப்பியிருப்பார்.

விவரமா எழுதணும்னுதான் உட்கார்ந்தேன், முடியலை. சுருக்கமா:

சிஓஏவில் 5 சதவீதம்னு மட்டும் இருந்தா போதாது, எந்த முறையில்னு கேளுங்க. எடை போட்டுப் பார்க்கிற கிராவிமெட்ரிக் முறையில் கண்டதும் சேர்ந்து நம்பர் ஏறும். எச்பிஎல்சிதான் வேணும், விதஃபெரின் ஏ தனியா எவ்வளவுன்னும் எழுதி வாங்குங்க. க்யூஆரை நம்பாதீங்க, ரிப்போர்ட் நம்பரைச் சொல்லி அந்த லேபுக்கே போன் போடுங்க.

சாம்பிள் பாஸானதுக்கு ஒரு மதிப்பும் இல்லை. ஒவ்வொரு டிரம்மிலும் மேல், நடு, அடி மூணு இடத்திலும் எடுத்து டெஸ்ட் பண்ணுங்க. பாதிப் பணம் டெஸ்ட் முடிஞ்ச பிறகுதான்னு பர்சேஸ் ஆர்டரிலேயே எழுதுங்க.

லாரி ஆபீஸில் ஓடிபி கேட்டா, டிரம் லேபிளை உரிச்சுப் பார்க்காம வாயைத் திறக்காதீங்க.