கப்பம்: கொடுப்பதா, முறைப்பாடு செய்வதா?

கொழும்புப் புறக்கோட்டைக் கடைக்காரருக்கு வெளிநாட்டு இலக்கத்திலிருந்து வாட்ஸ்அப் அழைப்பு வருகிறது. பிள்ளையின் பள்ளிக்கூடப் பெயரைச் சொல்லி மிரட்டித்தான் கப்பக் காசு கேட்கிறார்கள்.

கொடுத்தால் அன்றைய பயம் அடங்கும். ஆனால் தரக்கூடியவர் என்று தெரிந்துவிட்டால் அடுத்த முறை தொகை ஏறும். கப்பத்துக்குப் பற்றுச்சீட்டு கிடையாது, கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. இலாபத்துக்கு வரியும் கட்டி, மிஞ்சியதில் கப்பமும் கட்ட வேண்டும். கடனுக்கு எடுத்த சரக்குக்குக் கொடுத்த காசோலை திரும்பத் தொடங்குவது இப்படித்தான்.

முறைப்பாட்டிலும் ஆபத்து உண்டு. பாதுகாப்புப் படையினர் மீதே சந்தேகம் விழுந்த, 2006க்குப் பிந்தைய வெள்ளை வான் ஆட்கடத்தல்களைக் கண்ட தமிழ் வியாபாரிகள் பொலிஸுக்குப் போகத் தயங்குவது நியாயமே. இருந்தும், தொகை ஏறிக்கொண்டே போவதை நிறுத்த எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை. அழைப்பு விபரங்களையும் குறுஞ்செய்திகளையும் அழிக்காதீர்கள். சிசிடிவி காட்சியை அன்றே பென் டிரைவில் எடுங்கள். ஹார்ட் டிஸ்க் நிறைந்ததும் பழையது தானாக அழிந்துவிடும். அவசரத்துக்குப் பொலிஸ் இலக்கம் 119. முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் விளங்காமல் கையொப்பமிட வேண்டாம். மிரட்டல் தொடர்ந்தால், பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கோரலாம்.