பெரியார் டைகர் டிரெயில்: பட்டை உரித்தவரின் பின்னால் இரண்டு நாள்

கம்பத்திலிருந்து மலையேறிக் குமுளியில் இறங்கி, தேக்கடிப் படகுச் சவாரிக்கு நிற்கும் வரிசையைக் கண்டதும் ஊர் திரும்ப நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரியார் புலிகள் காப்பகத்தில், காட்டுக்குள்ளேயே கூடாரத்தில் தங்கி நடந்து வரும் ‘டைகர் டிரெயில்’ என்ற ஏற்பாடு இருக்கிறது. நண்பர்கள் மூவருடன் ஓர் இரவு தங்கி வந்தேன்.

வழிகாட்டிகளில் மூத்தவர், இதே காட்டில் வயணா மரத்தின் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றவர். கருவாப்பட்டையின் காட்டு உறவு அது. மசாலாச் சந்தையில் விலை போகும். 1990-களின் பிற்பகுதியில், சூழல் மேம்பாட்டுத் திட்டம் நடந்தபோது, வழக்குகளோடு அலைந்துகொண்டிருந்த இவரைப் போன்றவர்களிடம் வனத்துறை பேசி, அவர்களையே வழிகாட்டிகளாகவும் காவலுக்குச் செல்பவர்களாகவும் ஆக்கியது. துப்பாக்கியுடன் வனக்காவலர் ஒருவரும் கூடவே வருகிறார்.

இரண்டாம் நாள் காலையில், ஆளுயரத்துக்கு மேல் பட்டை தடித்துச் சுருண்டு ஆறிய தழும்புள்ள மரம் ஒன்றின் முன் அந்த மூத்த வழிகாட்டி நின்றார். தழும்பின் விளிம்பை விரலால் தடவியபடி, “சுத்தி உரிச்சா மரம் காஞ்சிரும் சார். இது பாதியில விட்டது, ஆள் வந்துட்டாங்க” என்றார். “யார் உரிச்சதுண்ணே?” என்று கேட்டேன். சிரித்துவிட்டு நடையைக் கட்டினார்.

ஏரிக்கரையில் யானைக்கூட்டம் ஒன்றைப் பார்த்தோம். கொம்பன் ஒன்றுகூட இல்லை. ஆசிய யானையில் ஆணுக்கு மட்டுமே பெரிய தந்தம் இருப்பதால் வேட்டையாடியவர்கள் ஆண்களையே குறிவைத்தார்கள் என்றும், ஒரு காலத்தில் இங்கு வளர்ந்த ஆண் ஒன்றுக்கு நூறு பெண்கள் வரை இருந்தன என்றும் படித்திருந்தேன். கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் ஒன்றும் பேசவில்லை. காற்று திரும்புகிறதா என்று பார்க்க ஒரு பிடி மண்ணைத் தூவினார், அவ்வளவுதான்.

உணவு எளிமையானது, கஞ்சியும் பயறும் நடந்த பசிக்கு அமிர்தம். அட்டைப்பூச்சி கடிக்காமல் இருக்கக் காலுறை தருகிறார்கள், ஆனாலும் மழை நாள்களில் உப்போ மூக்குப்பொடியோ பையில் இருப்பது நல்லது. முன்பதிவை வனத்துறையிடமே நேரடியாகச் செய்யுங்கள். “புலி நிச்சயம்” என்று சொல்லி எங்களிடம் முன்பணம் வாங்கிய ஓர் இடைத்தரகர், எங்கள் பெயரை எங்கும் பதியவே இல்லை என்பது இதற்கு முன் வந்த முதல் பயணத்தில்தான் தெரிந்தது.

புலியைப் பார்க்கவில்லை, ஈரச் சேற்றில் காலடித் தடம் மட்டும் கிடைத்தது. முழங்கால் வலி உள்ளவர்களும் கைப்பேசி இல்லாமல் இருக்க முடியாதவர்களும் படகோடு நின்றுகொள்ளலாம்.