முதல் அல்ட்ராவுக்கு போட்டுட்டு போன 8 லிட்டர் ரன்னிங் வெஸ்ட்: 50 கிமீக்கு அப்புறம் எழுதுற ரிவ்யூ

நாலு மாசமா இந்த வெஸ்ட்ட (தண்ணி, சாப்பாடு வச்சு பனியன் மாதிரி மாட்டிக்கற பை) போட்டு ஓடிட்டிருக்கேன், ஆனா வேணும்னேதான் இதுவரைக்கும் ரிவ்யூ எழுதல. 5 கிமீ ஓடிட்டு "சூப்பர் ஃபிட், மஸ்ட் பை"ன்னு எழுதினதெல்லாம் படிச்சு ஏமாந்துதான் போன தடவ ஒரு பேக் வாங்கினேன், அது இப்ப வீட்ல சார்ஜர் வயரெல்லாம் போட்டு வைக்க ஆகுது. அதனால போன ஞாயித்துக்கிழம 50 கிமீ முடிச்சிட்டு வந்துதான் உக்காந்து எழுதுறேன். முழுக்க மண் ரோடு, வயல் ஓரம், நடுவுல ரெண்டு குன்னு. எனக்கு 8 மணி 10 நிமிஷம் ஆச்சு, கட்-ஆஃப், அதாவது முடிக்க குடுத்த டைம், 10 மணி நேரம். படிக்கட்டு இறங்க கால் இன்னும் ஒத்துக்கல. கம்பெனி பேரு போடல, திட்ட வேண்டியதும் கொஞ்சம் இருக்கு.

முதல்ல எதுக்கு வெஸ்ட்டுன்னு கேக்கறவங்களுக்கு. மாரத்தான் 42.195 கிமீ, அதுக்கு மேல எவ்ளோ ஓடினாலும் அல்ட்ராதான், 50ன்னா வெறும் 8 கிமீ எக்ஸ்ட்ரான்னு நானும் நெனச்சேன். ரோடு ரேஸ்ல கொஞ்ச தூரத்துக்கு ஒரு தடவ தண்ணி டேபிள் வந்துடும். இங்க ஒரு எய்ட் ஸ்டேஷன்ல (தண்ணி, சாப்பாடு குடுக்கற எடம்) இருந்து அடுத்தது 10, 12 கிமீ, ஏத்தம் வெயில் எல்லாம் சேந்தா எனக்கு அதுக்கே ரெண்டு மணி நேரம் ஆயிடுது, கைல ஒரு பாட்டில புடிச்சிட்டு சமாளிக்க முடியாது. அதுவும் போக பிப் (சட்டைல குத்திக்கற நம்பர் அட்டை) வாங்கற எடத்துலயே விசில், ஃபாயில் போர்வை, ஹெட்லேம்ப், சார்ஜ் போட்ட போன், 1 லிட்டர் தண்ணி புடிக்கற பாட்டில் எல்லாம் இருக்கான்னு ஒண்ணொண்ணா எடுத்து காட்ட சொன்னாங்க. விசில் வெஸ்ட்டோட நெஞ்சு பட்டைலயே வந்துடுச்சு, நல்லது.

இதுல முன்னாடி ரெண்டு 500 மில்லி சாஃப்ட் ஃபிளாஸ்க் (மெத்துன்னு சுருங்கற பாட்டில்), பின்னாடி 1.5 லிட்டர் பிளாடர் (குழாய் வச்ச தண்ணிப் பை) வைக்க ஒரு அறை. நான் பிளாடர ரேஸுக்கு எடுத்துட்டே போகல. ட்ரெய்னிங்ல ரெண்டு தடவ போட்டு பாத்தேன், குழாய்ல உறிஞ்சிட்டே போறோம், முதுகுக்கு பின்னாடி எவ்ளோ மிச்சம் இருக்குன்னே தெரியாது. ஒரு தடவ 17வது கிமீல திடீர்னு காத்து வந்துச்சு. ஃபிளாஸ்க்னா குனிஞ்சு பாத்தாலே தெரியுது. இதுல இன்னொரு விஷயமும் இருக்கு, பயந்துபோய் கணக்கில்லாம தண்ணி குடிச்சிட்டே இருந்தா ரத்தத்துல சோடியம் இறங்கிடும், ஹைப்போநட்ரீமியான்னு சொல்வாங்க, தலவலி குமட்டல்ல ஆரம்பிச்சு வலிப்பு வரைக்கும் போகலாம். உப்பு மாத்திரை போட்டுக்கிட்டோமேன்னு தைரியமா இருக்க முடியாது, ஏன்னா முக்கியமான காரணமே தேவைக்கு மேல குடிக்கறதுதான். தாகம் எடுத்தா குடி, அவ்ளோதான். எவ்ளோ குடிச்சோம்னு கண்ணுல தெரியணும்னுதான் நான் ஃபிளாஸ்க் கட்சி.

ஃபிளாஸ்க்ல தண்ணி ரொப்பினதும் மூடிய டைட் பண்ணிட்டு வாய் மேல இருக்கற மாதிரி நிமித்தி புடிச்சு உள்ள இருக்கற காத்த உறிஞ்சி எடுத்துடுங்க. இல்லன்னா ஒவ்வொரு அடிக்கும் களக் களக்னு சத்தம், 3 கிமீல பைத்தியம் புடிச்சிடும். காத்த எடுத்துட்டா குடிக்க குடிக்க பை தானா சுருங்கிக்கும், சத்தமே வராது. இத யாரும் எனக்கு சொல்லல, மூணு வாரம் களக் களக்தான்.

ஓடும்போது வெஸ்ட் குதிக்கறத பத்தி சொல்லணும்னா, ரெண்டு ஃபிளாஸ்க்கும் ஃபுல்லா இருந்தா நெஞ்சுல 1 கிலோ, ஆனாலும் ஆடல. ஃபிட் உண்மையிலயே நல்லா இருக்கு. ஏத்தத்துல முட்டிய புடிச்சிட்டு குனிஞ்சு நடக்கும்போது மட்டும் ஃபிளாஸ்க் வாய் வந்து தாடைல குத்துது (ஏத்தத்துல எல்லாருமே நடக்கறாங்க, எனக்கு ரொம்ப முன்னாடி போனவங்களும் நடந்துதான் போனாங்க, வெக்கப்பட வேணாம்). ஃபிளாஸ்க் பாதி காலியானா அதுவும் சரியாயிடுது.

இப்ப திட்டு. வலது பக்க விலா கிட்ட ஒரு ஜிப் பாக்கெட் இருக்கு, உப்பு மாத்திரையும் கடைசி மூணு ஜெல்லும் (தெம்புக்கு சாப்பிடற இனிப்பு கூழ் பாக்கெட்) அதுலதான் வச்சிருந்தேன். 38வது கிமீ. கை ரெண்டும் வீங்கி விரலெல்லாம் தடிதடியா இருக்கு, ஜிப்போட நாக்கு ஒரு மொளகு சைஸ்ல இருக்கு, புடிக்கவே முடியல, புடிச்சு இழுத்தா பாதில துணிய கடிச்சிட்டு நின்னுடுச்சு. வெஸ்ட்ட கழட்டி பல்லால இழுத்து பாக்கறேன், உப்புக் கரிக்குது, நவரல. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மாடு மேயறத நிறுத்திட்டு என்னையே பாக்குது. எனக்கு அழுகையே வந்துடுச்சு, ஒரு ஜிப்புக்கு யாராச்சும் அழுவாங்களா, 38 கிமீல அழுவாங்க. பின்னாடி வந்த ஒரு அக்கா "குடுங்க தம்பி"ன்னு வாங்கி, பிப்ல இருந்த ஒரு ஊக்க கழட்டி துணிய கிளப்பி ரெண்டு செகண்ட்ல தொறந்துட்டு, "இந்த பாக்கெட்ட இனி மூடாதீங்க"ன்னு சொல்லிட்டு போயிட்டாங்க. வீட்டுக்கு வந்து மொத வேலையா ஜிப் நாக்குல ஒரு ஷூ லேஸ் துண்ட கட்டி விட்டேன். இது கம்பெனிக்காரன் பண்ண வேண்டிய வேல. டிசைன் பண்ணவங்க யாரும் வீங்கின கையோட இத தொறந்து பாத்திருக்க மாட்டாங்க.

அடுத்தது குப்பை. மணிக்கு 60 கிராம் கார்போஹைட்ரேட் எடுக்க சொல்றாங்க, ஒரு ஜெல்ல 20, 25 கிராம்தான் வரும், 8 மணி நேரத்துக்கு கணக்கு போட்டா 20 ஜெல், நான் பாதி எடுத்துட்டு மிச்சத்த எய்ட் ஸ்டேஷன்ல கெடச்சத வச்சு ஓட்டினேன். வயிறும் 6 மணி நேரத்துக்கு மேல ஜெல்ல பாத்தாலே வேணாம்னுடுச்சு. ஆனா காலி கவர எங்க போடறது? வழில போட்டா நிறைய ரேஸ்ல வெளிய அனுப்பிடுவாங்க, அனுப்பணும், சரிதான். இதுல அதுக்குன்னு தனி பாக்கெட் இல்ல. போன் வச்ச பாக்கெட்லயே திணிச்சேன், போன் ஸ்க்ரீன் பூரா பிசுபிசுன்னு ஒட்டி, போட்டோ எடுக்கலாம்னு எடுத்தா விரல் பட்டா வேலை செய்யல. போன ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு வைங்க, வேர்வைக்கும் அது வேணும்.

உரசல்: வலது காரை எலும்பு மேல தையல் ஒண்ணு தடிப்பா வருது. 25 கிமீ ட்ரெய்னிங்ல ஒண்ணும் தெரியல, ரேஸ்ல 30க்கு மேல தோல் உரிஞ்சிடுச்சு, அன்னிக்கு குளிக்கும்போது போட்ட சத்தத்துக்கு பக்கத்து வீட்ல இருந்து எட்டிப் பாத்தாங்க. அந்த எடத்துல வாஸ்லின் தடவிட்டு போங்க, ரேஸ்க்கு போடப்போற அதே டீஷர்ட்டோட ஃபுல் வெயிட் ஏத்தி ஒரு 30 கிமீயாவது ஓடி பாருங்க.

ஏத்தத்துல ஊனிக்கற ஸ்டிக் மாட்டற கொக்கி யூஸ் பண்ணல, கருத்து இல்ல. துவைச்சா சீக்கிரம் காயுது.

சைஸ் நெஞ்சு அளவ வச்சு எடுக்கணும், டீஷர்ட் சைஸ பாத்து எடுக்காதீங்க. ரெண்டு சைஸுக்கு நடுவுல வந்தா இந்த மாடல்ல சின்னத எடுங்க, பட்ட நல்லாவே நீளுது. 5க்கு 3.5. ஜிப்ப சரி பண்ணி புது மாடல் விட்டா ஏத்திக்கறேன்.